மனித உரிமைத் திரையிடலும் உரையாடலும் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு ஆவணப்படம், அதைப் பற்றிப் பேச ஒருவர், உட்கார ஓர் அறை. இவ்வளவுதானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் நான் முதல் திரையிடலை ஏற்பாடு செய்தேன். குடியிருப்புகளை இடித்து மக்களை வெளியேற்றுவது பற்றிய படம். அப்படி வீட்டை இழந்த ஒரு அம்மாவைப் பேச அழைத்திருந்தோம். படம் முடிந்த நொடியில் யாரோ எல்லா விளக்குகளையும் ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கையில் மைக்கைக் கொடுத்தோம், அவர் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒருவர் "இழப்பீடு எவ்வளவு வந்தது?" என்று கேட்டார். தடுமாறி ஒரு தொகையைச் சொன்னார். அப்புறம் இன்னொருவர் மைக்கை வாங்கி நகர வளர்ச்சியைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார். அரங்கை ஒப்படைக்கும் நேரம் வந்துவிட்டது, கூட்டம் கலைந்தது. கிளம்பும்போதுதான் கவனித்தேன், அந்த அம்மாவின் கையில் நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. சொல்ல வேண்டியதை எழுதி எடுத்து வந்திருக்கிறார். அதைப் பிரிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நிறைய திரையிடல்கள் செய்துவிட்டேன். எல்லாவற்றையும் அந்தக் காகிதத்திலிருந்து பின்னோக்கித்தான் திட்டமிடுகிறேன். படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகு வரும் அரை மணி நேரம்தான் நிகழ்ச்சியின் உயிர், படத் தேர்விலிருந்து நாற்காலி போடுவது வரை எல்லாமே அந்த அரை மணி நேரத்துக்கான தயாரிப்பு. இந்த வழிகாட்டியும் அந்த எண்ணத்தோடுதான் எழுதப்படுகிறது.

முதல் படி: எதற்காக என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

"விழிப்புணர்வு ஏற்படுத்த" என்று எழுதினால் அது போதாது. யார் வர வேண்டும், வந்தவர்கள் வெளியே போகும்போது எதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும், எதைச் செய்ய முடிய வேண்டும் என்று மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். "வீட்டு வேலை செய்பவர்களை வேலைக்கு வைத்திருக்கும் குடும்பங்கள் வர வேண்டும், வார விடுமுறை என்பது சலுகை கிடையாது, உரிமை என்று புரிய வேண்டும், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் எப்படிப் போடுவது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்." இப்படி ஒரு வரி இருந்தால் படமும் பேச்சாளரும் நேரமும்கூடத் தானாகவே முடிவாகும். குழுவில் கருத்து வேறுபாடு வரும்போதெல்லாம் இந்த வரிக்குத் திரும்பி வாருங்கள்.

தேதியை எடுத்தவுடனே எல்லோரும் டிசம்பர் 10-ஐத்தான் நினைப்பார்கள். உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை 1948-இல் பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நாள் அது. அந்த நாளில் எல்லா அமைப்புகளும் ஏதாவது நடத்தும், நல்ல பேச்சாளர்கள் கிடைக்க மாட்டார்கள், வருகிறவர்களும் பிரிந்துபோவார்கள். உங்கள் பொருளுக்குப் பொருத்தமான வேறு நாள் இருக்கிறதா பாருங்கள். பிப்ரவரி 20 சமூக நீதி நாள், மார்ச் 21 இனப்பாகுபாட்டுக்கு எதிரான நாள், ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான நாள், ஜூன் 26 சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கு ஆதரவான நாள், ஆகஸ்ட் 30 வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான நாள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள். எந்த நாளும் பொருந்தவில்லையென்றால் சாதாரணமான ஒரு சனிக்கிழமை மாலை நன்றாகவே போதும்.

இரண்டாம் படி: படத்தைத் தேர்ந்தெடுப்பது

சின்னப் படமாக எடுங்கள். இரண்டு மணி நேரப் படம் ஓடி முடிந்தால் மக்கள் கைப்பையைத் தேடுவார்கள், பேச உட்கார மாட்டார்கள். இருபத்தைந்து முதல் ஐம்பது நிமிடத்துக்குள் இருக்கும் படம்தான் உரையாடலுக்கு ஏற்றது என்பது என் அனுபவம். நீளமான படம்தான் காட்ட வேண்டும் என்றால் நிகழ்ச்சியைச் சீக்கிரமே தொடங்குங்கள், படத்தை வெட்டாதீர்கள். இயக்குநரின் அனுமதியில்லாமல் படத்தைத் துண்டு போடுவது அவருக்கும் படத்தில் பேசியவர்களுக்கும் செய்யும் அநியாயம்.

எங்கே தேடுவது? இதற்கென்றே நடக்கும் விழாக்களின் பழைய நிகழ்ச்சிப் பட்டியல்கள் பெரிய புதையல். 1988-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் திரைப்பட விழா, 1999 முதல் பிராகில் நடக்கும் ஒன் வேர்ல்ட் விழா, நெதர்லாந்தின் மூவீஸ் தட் மேட்டர் விழா என்று வருடவாரியாகப் பார்த்துக்கொண்டே போகலாம். அங்கே ஒரு படத்தின் பெயர் கிடைத்தால், அதை எடுத்தவரின் இணையதளத்துக்குப் போய் நேரடியாகவே எழுதிக் கேளுங்கள். ஆவணப்பட இயக்குநர்கள் பெரும்பாலும் பதில் போடுவார்கள்.

படத்தைக் குறைந்தது இரண்டு தடவை முழுதாகப் பாருங்கள். முதல் தடவை பார்வையாளராக, இரண்டாம் தடவை கையில் பேனாவோடு. இரண்டாம் தடவை பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் குரலில் பேசுகிறார்களா, இல்லை அவர்கள் அழுவதை மட்டும் காட்டிவிட்டு வேறு யாரோ விளக்கம் சொல்கிறார்களா? குழந்தைகளின் முகம், வன்முறைக்கு ஆளானவரின் முகம் அடையாளம் தெரியும்படி வருகிறதா? சம்மதத்தோடு எடுத்தது போலத் தெரிகிறதா? படம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தால், அதில் பேசியவர்கள் இப்போதும் அது திரையிடப்படுவதில் சம்மதமாக இருக்கிறார்களா என்று இயக்குநரிடம் கேட்டுவிடுங்கள். ஒருவர் வாய் திறந்ததால் அவர் உயிருக்கு ஆபத்து வரும் இடங்கள் உண்டு. இந்தோனேசியாவின் 1965-66 கொலைகளைப் பற்றிய 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலில் இணை இயக்குநர் ஒருவர் உட்படப் பலரின் பெயருக்குப் பதிலாகப் 'பெயர் வெளியிடப்படவில்லை' என்றுதான் திரும்பத் திரும்ப வரும். கொலைகள் நடந்து நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் அதில் வேலை செய்தவர்களுக்கே அந்த நிலைமை.

மூன்றாம் படி: திரையிடும் அனுமதி

வீட்டில் பார்க்கச் சந்தா கட்டியிருக்கிறோம் என்பதால் பொது இடத்தில் காட்டலாம் என்று அர்த்தம் கிடையாது. யூடியூபில் இலவசமாகக் கிடக்கிறது என்றாலும் அதே கதைதான், ஏற்றியவருக்கே உரிமை இருக்கிறதா என்பது தெரியாது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் சொந்த ஆவணப்படங்கள் சிலவற்றைக் கல்வி நோக்கத்தோடு, கட்டணம் வாங்காமல் ஒரு தடவை திரையிட அனுமதிப்பதுண்டு. படத்தின் பக்கத்தில் அந்த அனுமதி எழுதியிருக்கிறதா என்று பார்த்து, நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள்.

மற்றபடி விநியோகஸ்தருக்கோ இயக்குநருக்கோ ஒரு மின்னஞ்சல். என்ன தேதி, எந்த இடம், எத்தனை பேர் வருவார்கள், நுழைவுக் கட்டணம் உண்டா, நடத்துவது யார், ஒரு தடவையா பல தடவையா என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிட்டால் பதில் சீக்கிரம் வரும். சிறிய குழு, இலவச நிகழ்ச்சி என்றால் கட்டணத்தைக் குறைத்துக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் உங்களிடம் பணம் இருந்தால் கொடுங்கள். சமூக நீதி பேசும் மேடை, ஒரு கலைஞரின் பல வருட உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டு நடக்கக் கூடாது. வந்த பதிலை அச்செடுத்து அன்றைக்குக் கையில் வைத்திருங்கள்.

நான்காம் படி: பேச்சாளரை அழைப்பது

இந்தப் படியில்தான் நான் அதிகம் தவறு செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேடையில் நான்கு பேரை வரிசையாக உட்கார வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு பேர் போதும். ஒருவர் அந்த நிலைமையை நேரில் வாழ்ந்தவர், இன்னொருவர் சட்டமோ, தொழிற்சங்க வேலையோ, ஆய்வோ தெரிந்தவர். நேரில் வாழ்ந்தவருக்குத்தான் முதல் பேச்சு, அதிக நேரமும் அவருக்குத்தான். வழக்கறிஞர் முதலில் பேசினால் எல்லாக் கேள்வியும் வழக்கறிஞரிடமே போகும், மற்றவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதை நான் எத்தனையோ மேடைகளில் பார்த்துவிட்டேன்.

அழைக்கும்போது தொலைபேசியிலோ நேரிலோ முழு விவரத்தையும் சொல்லுங்கள். படம் எதைப் பற்றி, அதில் என்ன காட்சிகள் வருகின்றன, யாரெல்லாம் வருவார்கள், பத்திரிகைக்காரர்கள் இருப்பார்களா, படம்பிடிப்பீர்களா. முடிந்தால் படத்தை முன்கூட்டியே அவருக்குக் காட்டிவிடுங்கள், அவரோடு உட்கார்ந்து பாருங்கள். கூட்டத்தின் நடுவில், இருட்டில், தன் வாழ்க்கையைப் போன்ற ஒன்றை அவர் முதல் தடவையாகப் பார்க்கக் கூடாது. நிகழ்ச்சியன்று படம் ஓடும் நேரத்தில் வெளியே உட்கார்ந்திருக்க விரும்பினால் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கி, கூடவே ஒருவரை இருக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள்? எதைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது? உங்கள் பேரையும் படத்தையும் வெளியிடலாமா? மூன்றாவது கேள்விக்கு வந்த பதிலை நிகழ்ச்சியன்று காலையில் மறுபடியும் கேட்டு உறுதி செய்யுங்கள், மனது மாறியிருக்கலாம், மாறுவதற்கு முழு உரிமை உண்டு. கடைசி நிமிடத்தில் "என்னால் முடியாது" என்று சொன்னாலும், காரணம் கேட்காமல் சரி என்று சொல்லும் அளவுக்கு உங்கள் திட்டம் தளர்வாக இருக்க வேண்டும்.

முதல் கேள்விதான் எனக்கு அந்த மடித்த காகிதத்திலிருந்து கிடைத்த பாடம். பாதிக்கப்பட்டவர் என்றாலே நடந்ததைச் சொல்ல வருகிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல பேர் அதைச் சொல்வதற்காக வருவதில்லை. கேட்பதற்காக, ஒரு கோரிக்கையை வைப்பதற்காக வருகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டால் அறிமுகம், கேள்விகள், முடிவில் மக்களிடம் கேட்கப்போகும் உதவி எல்லாமே மாறிப்போகும்.

பணம் கொடுங்கள். பேராசிரியருக்குப் பயணச் செலவும் மதிப்பூதியமும் கொடுத்துவிட்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த தொழிலாளிக்கு நன்றி மட்டும் சொல்லி அனுப்பும் கூட்டத்தில் சமூக நீதி என்ற சொல்லைப் பேசவே கூடாது. இருவருக்கும் ஒரே தொகை, அதே நாளில், உறையில் போட்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமா, கூட ஒரு உறவினர் வருகிறாரா, இரவு திரும்பிப் போக வண்டி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இரண்டு பக்கமும் இருந்தால்தானே சமநிலை" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். தீர்வு எது என்பதில் பல பார்வைகள் இருக்கலாம், அவற்றை அழையுங்கள். ஒரு மனிதருக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்பதை விவாதப் பொருளாக்கி, அந்த மனிதரையே எதிரில் உட்கார வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: இடம்

அரங்கைப் பார்க்கப் போகும்போது சக்கர நாற்காலியில் வரும் ஒருவராக உங்களை நினைத்துக்கொண்டு வாசலிலிருந்து நடந்து பாருங்கள், முடிந்தால் அப்படி வரக்கூடிய ஒருவரையே கூட்டிக்கொண்டு போங்கள். சாய்தளம் இருக்கிறது என்று அரங்குக்காரர் சொல்வார், போய்ப் பார்த்தால் ஏறவே முடியாத செங்குத்தாக இருக்கும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. கழிப்பறைக் கதவின் அகலம், மேடைக்கு ஏறும் படி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே உள்ள வழி எல்லாம் பாருங்கள். சக்கர நாற்காலிக்கான இடத்தைக் கடைசி வரிசையின் ஓரத்தில் மட்டும் விடாமல் வேறு வேறு வரிசைகளில் விடுங்கள், நண்பர்களோடு சேர்ந்து உட்கார அவர்களுக்கும் ஆசை இருக்கும்.

சைகை மொழிபெயர்ப்பாளர் வைத்தால் இரண்டு பேர் வேண்டும், இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை மாறிக்கொள்வார்கள். படம் ஓடும்போது அறை இருட்டாகிவிடும், மொழிபெயர்ப்பாளர் மேல் மட்டும் விழும்படி ஒரு சின்ன விளக்கு வைக்க மறக்காதீர்கள். நாங்கள் ஒரு தடவை மறந்தோம், காது கேளாத மூன்று பேர் பாதிப் படத்தை அலைபேசி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அவசர வழிக் கதவுகள் பூட்டியிருக்கிறதா என்பதையும் கையால் தள்ளிப் பாருங்கள்.

ஆறாம் படி: படமும் ஒலியும்

இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். கோப்பாக வாங்கி இரண்டு பென் டிரைவிலும் லேப்டாப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் உறக்க நிலை, தானியங்கி அப்டேட், வாட்ஸ்அப் அறிவிப்பு மூன்றையும் நிறுத்துங்கள். உருக்கமான காட்சியின் நடுவில் யாருடைய செய்தியோ திரையின் ஓரத்தில் எட்டிப் பார்ப்பது அந்தக் காட்சியில் இருக்கும் மனிதருக்கு அவமரியாதை.

தட்டையான தரையுள்ள அறையில் திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நான்கு அடியாவது மேலே இருக்கட்டும். சப்டைட்டில் கீழேதான் வரும், முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலை மறைத்தால் பின்வரிசைக்குப் படமே புரியாது. கடைசி வரிசை திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்துக்குள் இருந்தால் எழுத்தைப் படிக்க முடியும். திரை ஐந்து அடி உயரம் என்றால் முப்பது அடி, அவ்வளவுதான். நன்றாக இருட்டாகும் சின்ன அறைக்கு 3,000 லூமென் புரொஜெக்டர் போதும், ஜன்னல் வெளிச்சம் வந்தால் எது வைத்தாலும் திணறும், அதனால் கறுப்புத் துணிக்குச் செலவு செய்யுங்கள்.

தமிழில் சப்டைட்டில் நீங்களே போடுவதாக இருந்தால் இரண்டு விஷயங்கள். எழுத்துக் கோப்பை யுடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் திரையில் கேள்விக்குறிகள்தான் வரும். சில கருவிகளில் யுடிஎஃப்-8 இருந்தாலும் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி உட்காரும், ஆகவே எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுவது பாதுகாப்பு. அதற்கும் இயக்குநரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம், சொல்லுக்குச் சொல் மாற்றினால் யாராலும் படித்து முடிக்க முடியாது, பேசுகிறவர் சொல்ல வந்ததைச் சுருக்கி எழுதுங்கள். சாட்சியம் சொல்லும் இடத்தில் மட்டும் சுருக்காதீர்கள், அவர் "என்னை அடித்தார்கள்" என்று சொன்னதை "தாக்கப்பட்டேன்" என்று மெருகேற்றவும் வேண்டாம்.

ஒலிதான் பலரும் கோட்டை விடும் இடம். மங்கலான படத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், புரியாத பேச்சைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். லேப்டாப் ஸ்பீக்கர் எதற்கும் உதவாது. வெறும் அறையில் ஒலியைச் சரிபார்க்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள், ஆட்கள் நிறைந்தால் ஒலி அமுங்கும். முதல் நாளே முழுப் படத்தையும் அதே கருவியில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுச் சரி என்று மூடிவைத்தால், நாற்பதாவது நிமிடத்தில் கோப்பு நின்றுபோவது நிகழ்ச்சியன்றுதான் தெரியவரும்.

ஏழாம் படி: சட்டமும் பாதுகாப்பும்

பொதுக் கூட்டத்துக்கு முன்னறிவிப்பு வேண்டுமா, பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்று வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் இடத்துச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். அன்றைக்கு அவர் தொலைபேசியில் கிடைப்பாரா என்பதையும் பேசி வையுங்கள். மனித உரிமைப் பிரகடனத்தின் 19-ஆம் பிரிவு கருத்துரிமையையும் 20-ஆம் பிரிவு அமைதியாகக் கூடும் உரிமையையும் 27-ஆம் பிரிவு சமூகத்தின் பண்பாட்டு வாழ்வில் பங்கெடுக்கும் உரிமையையும் சொல்கின்றன. யாராவது வந்து கேட்டால் பதில் சொல்ல ஒரே ஒருவரை நியமியுங்கள், மற்றவர்கள் எல்லோரும் அவரைக் கைகாட்டட்டும். வாசலில் ஆளுக்கு ஒரு பதில் சொன்னால் சின்ன விசாரிப்பும் பெரிய பிரச்சினையாகும்.

வருகிறவர்களின் பாதுகாப்பையும் யோசியுங்கள். பெயர், தொலைபேசி எண் எழுதும் பதிவேட்டை வாசலில் விரித்து வைக்காதீர்கள், அடுத்து வருகிறவர் முந்தைய பக்கத்தைப் படித்துவிடுவார். தொடர்பில் இருக்க விரும்புகிறவர் மட்டும் தனிச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும். படம்பிடிக்கக் கூடாத பகுதி என்று நான்கு வரிசைகளை ஒதுக்குங்கள். நேரலை ஓடினால் பார்வையாளர் பேசும் பகுதி தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள். பொருள் மிகவும் சிக்கலானதாக இருந்தால் சாத்தம் ஹவுஸ் விதியைப் பயன்படுத்தலாம். லண்டனில் இருக்கும் சாத்தம் ஹவுஸ் என்ற கொள்கை ஆய்வு நிறுவனம் 1927-இல் உருவாக்கிய விதி அது. கேட்ட தகவலை வெளியே பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்பதை வெளியிடக் கூடாது. தொடக்கத்திலேயே சொல்லி எல்லோரிடமும் சம்மதம் வாங்க வேண்டும்.

எட்டாம் படி: அறிவிப்பு

போஸ்டரில் தேதி, நேரம், இடம், படத்தின் நீளம், மொழி, சப்டைட்டில் மொழி, சக்கர நாற்காலி வசதி, கட்டணம் உண்டா இல்லையா. கூடவே ஒரு உள்ளடக்கக் குறிப்பு: "இந்தப் படத்தில் காவல் வன்முறை பற்றிய சாட்சியங்கள் வருகின்றன, காட்சியாக இல்லை." இப்படி ஒரு வரி இருந்தால் போதும், வருவதா வேண்டாமா என்று அவரவரே முடிவெடுப்பார்கள். அழும் முகத்தைப் பெரிதாகப் போடும் போஸ்டர் வேண்டாம். சமூக ஊடகத்தை விட, அந்தப் பொருளோடு வாழும் மக்களின் சங்கங்களுக்கு நேரில் போய்ச் சொல்வதுதான் நாற்காலிகளை நிரப்பும்.

ஒன்பதாம் படி: நிகழ்ச்சியின் தொடக்கம்

இரண்டு மணி நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். அறிமுகம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மனித உரிமைப் பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் வாசித்துக் காட்டும் அறிமுகவுரைகளைக் கேட்டிருக்கிறேன், யார் மனதிலும் எதுவும் நிற்பதில்லை. ஒரே ஒரு செய்தி சொல்லுங்கள். உதாரணமாக, பிரகடனத்தின் முதல் பிரிவின் வரைவில் ஆண்களை மட்டும் குறிப்பதாகவும் படிக்கக்கூடிய 'மென்' என்ற ஆங்கிலச் சொல்தான் இருந்தது. அதை எதிர்த்து, எல்லா மனிதப் பிறவிகளும் என்று பொருள் தரும்படி மாற்றக் காரணமாக இருந்தவர் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்த ஹன்சா மேத்தா. ஒரு சொல்லுக்காக ஒரு பெண் நின்று வாதாடியதைக் கேட்ட பிறகு மக்கள் படத்தை வேறு மாதிரி பார்ப்பார்கள். பிரகடனத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் தளத்தில் கிடைக்கிறது, படத்தோடு தொடர்புடைய பிரிவை மட்டும் அச்சிட்டு ஒவ்வொரு நாற்காலியிலும் வையுங்கள்.

வெளியே போக விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் போகலாம், அந்த மூலையில் அமைதியான ஒரு அறை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பத்தாம் படி: அந்த அரை மணி நேரம்

படம் முடிந்ததும் பெயர்ப் பட்டியலை நிறுத்தாதீர்கள். அது ஓடும் இரண்டு மூன்று நிமிடம்தான் மக்கள் தங்களுக்குள் திரும்பிவரும் நேரம். விளக்குகளைப் பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். கைதட்டலை யாரும் தூண்ட வேண்டாம்.

பிறகு நேரில் வாழ்ந்தவர் பேசட்டும். பத்து நிமிடம், இடையில் யாரும் குறுக்கிடாமல். அவர் விரும்பினால் நெறியாளர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி பதிலாகக் கொண்டுபோகலாம், பலருக்கு மேடையில் தனியாக நின்று பேசுவதை விட இது எளிது. அவருடைய கோரிக்கை என்னவென்று நெறியாளருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், பேச்சு அந்த இடத்துக்கு வராமலே போனால் "ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று சொன்னீர்களே அம்மா" என்று அவர்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

உடனே "கேள்விகள் உண்டா?" என்று கேட்காதீர்கள். எப்போதும் பேசுகிறவர்கள்தான் அப்போதும் கை தூக்குவார்கள். மூன்று நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொள்ளச் சொல்லுங்கள், கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள், கேள்வியை எழுதித் தரட்டும். அறை முழுக்க ஒரு சலசலப்பு எழும், கூச்சப்படுகிறவர்களும் அதில் ஒரு தடவை வாயைத் திறந்துவிடுவார்கள், அப்புறம் மைக்கில் பேசுவது அவ்வளவு பயமாக இருக்காது. வந்த சீட்டுகளை நெறியாளர் பிரித்துப் பார்த்து, பேச்சாளர் வேண்டாம் என்று சொன்ன விஷயத்தைக் கேட்பவற்றை ஓரமாக வைத்துவிடலாம்.

மைக் எப்போதும் தன்னார்வலர் கையிலேயே இருக்கட்டும். பேசுகிறவர் வாயருகே அவர் பிடிப்பார், கையில் கொடுக்க மாட்டார். இந்த ஒரு பழக்கம் எங்கள் கூட்டங்களில் நீண்ட உரைகளைப் பாதியாகக் குறைத்துவிட்டது. அப்படியும் ஒருவர் நிறுத்தாமல் பேசினால், மூச்சு வாங்கும் இடத்தில் நெறியாளர் பெயர் சொல்லி, "நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன், கேள்வியை ஒரே வரியில் சொல்லுங்கள் ஐயா" என்று கேட்கட்டும். குரலில் கோபம் வேண்டாம், உறுதி மட்டும் போதும்.

"இதெல்லாம் நடக்கவே இல்லை" என்று ஒருவர் எழுந்து சொல்வார். அதற்குப் பதில் சொல்லும் பாரத்தைப் பாதிக்கப்பட்டவர் மேல் போடாதீர்கள். சட்டம் தெரிந்தவரோ நெறியாளரோ ஆவணங்களோடு சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகட்டும். தொடர்ந்து கத்தினால் வெளியே அழைத்துப் பேச இரண்டு பேரை முன்பே சொல்லி வையுங்கள்.

வேறு மாதிரியும் நடக்கும். கேள்வி கேட்க எழுந்த ஒரு பெண், தனக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கிவிடுவார். கூட்டம் உறைந்துபோகும். அப்போது துருவித் துருவிக் கேட்கக் கூடாது, ஆறுதல் உரையும் ஆற்றக் கூடாது. "எங்களிடம் சொன்னதற்கு நன்றி, கூட்டம் முடிந்ததும் உங்களோடு பேச ஒருவர் இங்கே இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே ஒருவரை அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். உதவி எண்கள் அச்சிட்ட சீட்டைக் கழிப்பறைகளிலும் ஒட்டி வையுங்கள், கூட்டத்தின் நடுவில் எடுக்கத் தயங்குகிறவர்கள் அங்கே எடுத்துக்கொள்வார்கள்.

முடிக்கும்போது ஒரே ஒரு வேலை கேளுங்கள். ஒரு மனுவில் கையெழுத்து, ஒரு கடிதம், அடுத்த வாரக் கூட்டத்துக்கு வருவது, எதுவானாலும் சரி, அந்த அறையை விட்டுப் போவதற்குள் செய்யக் கூடியதாக இருக்கட்டும். ஐந்து வேலை சொன்னால் ஒன்றும் நடக்காது.

பதினோராம் படி: மறுநாள்

இயக்குநருக்கு எத்தனை பேர் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள், அது அவருக்குக் கட்டணத்தைப் போலவே முக்கியம். தொடர்புச் சீட்டு கொடுத்தவர்களுக்கு அந்த வாரத்துக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள், கேட்ட வேலை எந்த அளவில் நிற்கிறது என்பதோடு.

எல்லாவற்றுக்கும் முன்னால், காலையிலேயே பேச்சாளருக்கு ஒரு போன். தூக்கம் வந்ததா, வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா, புகைப்படங்களில் எதை எடுத்துவிட வேண்டும் என்று கேளுங்கள். கடைசியாக, சொல்ல நினைத்தது எதுவும் விட்டுப்போனதா என்று கேளுங்கள். விட்டுப்போயிருந்தால் அதை அவர் சொல்லும்படியே எழுதி, அவர் சம்மதத்தோடு வந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள்.

அந்த அம்மாவிடம் நான் இதைக் கேட்டது மூன்று வாரம் கழித்துத்தான். காகிதத்தை இன்னும் வைத்திருந்தார். நான்கு வரிதான் இருந்தது. புதிதாகக் குடியமர்த்திய இடத்திலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்குப் பேருந்து கிடையாது, காலையில் ஒரு வண்டி விடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்பதுதான் முதல் வரி. அன்றைக்கு அறுபது பேர் அந்த அறையில் இருந்தார்கள். அடுத்த திரையிடலில் படம் தொடங்குவதற்கு முன்பே அவர் அதை வாசித்தார், நாங்கள் பேனாக்களை முன்கூட்டியே நாற்காலிகளில் வைத்திருந்தோம்.